பல் போன லாரி

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். மனிதனுக்குப் பல் போனால் சொல் ஒன்றுதான் போகிறது. அதையும் பல் வைத்தியர் ஒரு வாரத்தில் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். லாரிக்குப் பல் போனாலோ ஓட்டம் போகிறது, ஏற்றிய சரக்கு நடுவழியில் நின்றுபோகிறது, டிரைவருடைய படியும் கிளீனருடைய கூலியும் போகின்றன. மாதம் பிறந்தால் கட்டவேண்டிய தவணை மட்டும் எங்கும் போகாமல் வாசலில் வந்து நிற்கிறது. அந்த லாரி இருபது இருபத்தைந்து வருஷம் உழைத்துக் கிழடு தட்டியதாகவும் இருந்துவிட்டால் சங்கடம் இரட்டிப்பு. புது லாரிக்குப் புதுப் பல் கம்பெனியிலேயே கிடைக்கும். கிழட்டு லாரிக்குப் பல் தேடுவது, பழைய சுவடியில் விட்டுப்போன ஓர் ஏட்டைத் தேடி ஊர் ஊராய் அலைவது போன்ற காரியம்.

லாரிக்குப் பல் ஏது என்று நேயர்கள் கேட்கலாம். எஞ்சினுக்குப் பின்னால், டிரைவர் கால் வைக்கும் பலகைக்கு அடியில், வார்ப்பு இரும்பிலோ அலுமினியத்திலோ செய்த பெட்டி ஒன்று இருக்கிறது. அதற்குள் எண்ணெயில் பாதி முழுகியபடி பல் சக்கரங்கள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு சுழல்கின்றன. கியர் பாக்ஸ் என்று அதற்குப் பெயர். டிரைவர் கையில் பிடித்து முன்னும் பின்னும் தள்ளுகிறாரே, அந்தக் கோலின் அடி நுனி இந்தப் பெட்டிக்குள்ளேதான் வேலை செய்கிறது.

குடும்பத்தோடு உட்கார்ந்து பத்திரிகை வாசிக்கிறவர்களுக்கு இந்த எண்ணெய் வழியும் விஷயம் எதற்கு என்றும் சிலர் கேட்கக்கூடும். வீடு கட்டினவர்களைக் கேட்டுப் பாருங்கள். செங்கல்லும் ஜல்லியும் மணலும் பெரும்பாலும் பழைய லாரிகளில்தான் வந்து இறங்கியிருக்கும். கோடையில் சென்னைத் தெருக்களில் குடங்களுக்கு நடுவே ராஜகம்பீரமாக வந்து நிற்கும் தண்ணீர் லாரியைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அதன் வயது தெரியும். இதற்குச் சட்டமும் ஒரு காரணம். தேசமெங்கும் ஓடுவதற்கான நேஷனல் பெர்மிட், சாதாரண லாரிக்குப் பன்னிரண்டு வயது வரையில்தான். பல அச்சுகள் உள்ள பெரிய வண்டிக்குப் பதினைந்து. அந்த வயது கடந்ததும் லாரி, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவரைப் போல், சொந்த ஊர்ப் பக்கம் திரும்பிச் சில்லறை வேலைகள் பார்க்கத் தொடங்குகிறது. அப்போது அதை வாங்குகிறவர் பெரிய முதலாளி அல்ல. நேற்றுவரையில் பிறர் லாரியை ஓட்டிக்கொண்டிருந்து, மனைவியின் நகையும் கைக் காசும் போட்டு முதன் முதலாகச் சொந்த வண்டிக்காரராகிறவர். புது லாரி வாங்க இருபது முப்பது லட்சம் வேண்டும். அவருக்குப் பழைய லாரிதான் முதற்படி. அந்தப் படி உடைந்துபோகாமல் நிற்பதற்குப் பெட்டிக்குள் இருக்கும் பற்கள் உறுதியாக இருக்கவேண்டும்.

அந்தப் பற்கள் செய்யும் வேலையைத் தெரிந்துகொள்ள மெக்கானிக்கிடம் போகவேண்டியதில்லை. நம் வீட்டு ராட்டையே போதும். ராட்டையின் பெரிய சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் கதிர் பல சுற்றுச் சுற்றிவிடுகிறது. வேகம் பெருகுகிறது, பலம் குறைகிறது. நூற்பதற்கு வேண்டியது வேகந்தான். லாரி கிளம்பும்போது வேண்டியது இதற்கு நேர் எதிர். எஞ்சின் வேகமாகச் சுழலும். ஆனால் பத்து டன் பாரத்தை நின்ற இடத்திலிருந்து அசைக்க அதனிடம் பலம் போதாது. ஆகவே, சிறிய பல் சக்கரத்தைக் கொண்டு பெரிய பல் சக்கரத்தைச் சுழற்றுகிறார்கள். முதல் கியரில் எஞ்சின் 6 அல்லது 7 சுற்றுச் சுற்றினால் பெட்டியிலிருந்து வெளியே வருவது ஒரே சுற்று. பின் அச்சில் இன்னும் 5, 6 பங்கு குறைகிறது. எஞ்சின் ஏறக்குறைய 40 தடவை சுழன்றால் பின் சக்கரம் ஒரு தடவை உருளும். வேகம் எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு பலம் கூடியிருக்கிறது. லாரி ஓடத் தொடங்கிய பிறகு அவ்வளவு பலம் வேண்டியதில்லை. இரண்டாவது, மூன்றாவது என்று மாற்றிக்கொண்டே போய், பழைய ஐந்து கியர் வண்டியில் கடைசி கியருக்கு வரும்போது எஞ்சினின் சுழற்சி எந்தப் பல் சக்கரத்தையும் நாடாமல் நேராகப் பின்னே போய்விடுகிறது.

இந்தக் கடைசி விவரத்தை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நோய் கண்டுபிடிப்பதற்கு அது முக்கியம். பெட்டிக்குள் இருப்பது மூன்று தண்டுகள்: எஞ்சினிடமிருந்து சுழற்சியை வாங்குகிற கிளட்ச் ஷாப்ட், அதற்கு நேர் பின்னால் மெயின் ஷாப்ட், இரண்டுக்கும் கீழே, இரண்டுக்கும் தூது போகிற லே ஷாப்ட். கடைசி கியரில் மட்டும் தூதருக்கு வேலை இல்லை. ஆகவே, மற்றக் கியர்களில் ஓலமிடுகிற பெட்டி கடைசி கியரில் வாய் மூடிக்கொள்ளுமானால், கோளாறு பெரும்பாலும் லே ஷாப்டின் பக்கம் என்று நல்ல மேஸ்திரி தீர்மானித்துவிடுவார். வண்டி நிற்கிறது, எஞ்சின் மெதுவாக ஓடுகிறது, கியரும் போடவில்லை, உறுமல் கேட்கிறது. கிளட்சை மிதித்ததும் அது நின்றுவிட்டால் முன்புறத்துப் பேரிங்குகளில் ஒன்று தேய்ந்துவிட்டது. ஒரே ஒரு கியரில் மட்டும் சத்தமா? அந்தப் பல் சக்கரத்தைப் பார்த்தால் போதும். நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியர்கள் குறைந்துவிட்டார்கள் என்று வருத்தப்படுகிறவர்கள், நீண்ட ஸ்குரூ டிரைவரின் முனையைப் பெட்டியிலும் கைப்பிடியைக் காதிலும் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும் மேஸ்திரியை ஒரு தடவை பார்க்கவேண்டும்.

எல்லாக் கோளாறுகளிலும் பொல்லாதது, போட்ட கியர் தானாகக் கழன்று வெளியே வந்துவிடுவது. பற்களின் விளிம்பு தேய்ந்து சரிவாகப் போயிருக்கும். அல்லது கியரைத் தள்ளும் கவை வளைந்திருக்கும். அல்லது கியரை இருந்த இடத்தில் பிடித்து வைக்கும் சிறு ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். சமதரையில் இது வெறும் தொந்தரவு. மலை இறக்கத்திலோ உயிருக்கு ஆபத்து. திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும், தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே தொப்பூர்க் கணவாயிலும் பாரம் ஏற்றிய லாரி இறங்கும்போது அதைத் தடுத்துப் பிடிப்பது பிரேக் மாத்திரமல்ல. சிறிய கியரில் இருந்தால் எஞ்சினே வண்டியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருக்கும். கியர் கழன்ற அந்தக் கணத்தில் பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில் விழுகிறது. பிரேக் சூடேறிக் கைவிட்டால் அப்புறம் தெய்வந்தான் துணை. டீசலை மிச்சம் பிடிப்பதாக எண்ணிக்கொண்டு வேண்டுமென்றே கியரை எடுத்துவிட்டு இறங்குகிறவர்களும் உண்டு. அவர்கள் மிச்சம் பிடிக்கும் டீசலின் விலை நமக்குத் தெரியும். அதற்காக அவர்கள் பணயம் வைப்பது முன்னால் போகிற பஸ்ஸில் இருக்கும் குழந்தைகளையும் சேர்த்து.

நோய் தெரிந்த பிறகு, முழுப் பெட்டியையும் மாற்றவேண்டுமா, உள்ளே ஒன்றிரண்டு உறுப்பை மாற்றினால் போதுமா என்ற கேள்வி. நம் அபிப்பிராயத்தில், இரும்புக் கடைக்குப் போகும் பெட்டிகளில் பல, இரண்டு பேரிங்கும் ஓர் எண்ணெய் சீலும் போட்டிருந்தால் இன்னும் பல வருஷம் ஓடியிருக்கும். பெட்டியின் உடலே விரிந்துபோயிருந்தாலும், உடைந்த ஒரு பல் மற்றப் பற்களுக்கிடையே சிக்கி எல்லாவற்றையும் அரைத்துவிட்டிருந்தாலும், எண்ணெய் வற்றி ஓடித் தண்டுகள் நீலம் பாரித்துப் போயிருந்தாலும் அப்போதுதான் வேறு பெட்டி தேடவேண்டியது அவசியம்.

*

வேறு பெட்டி எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்குப் பின்னால் நம் தேசத்தின் ஒரு பெரிய கதை இருக்கிறது.

ஒரு காலத்தில் இந்தியாவில் ஓடிய லாரி ஒவ்வொன்றும் கப்பலில் வந்தது. முழுதாக வராவிட்டால் துண்டு துண்டாகப் பெட்டிகளில் வந்தது. 1928-ம் வருஷத்திலிருந்து ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் பம்பாயில் அந்தத் துண்டுகளைச் சேர்த்துப் பூட்டி விற்றுவந்தார்கள். பூட்டுவது வேறு, செய்வது வேறு. இந்த வித்தியாசம் லாரி ஓடுகிறவரையில் தெரியாது. ஒரு பல் உடைந்ததும் தெரிந்துவிடும். ஸர் எம். விசுவேசுவரய்யா அவர்கள் இதைத் தெளிவாக உணர்ந்து, 1930-களின் நடுவில் பம்பாயில் மோட்டார்த் தொழிற்சாலை நிறுவுவதற்குத் திட்டம் தயாரித்தார். அந்நிய சர்க்கார் அதற்குக் கை கொடுக்கவில்லை. யுத்தம் வந்தது. பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு, டயருக்குத் தட்டுப்பாடு, உதிரி உறுப்புக்குத் தட்டுப்பாடு. பஸ்களின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி, அந்தக் கரி வாயுவிலேயே பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு ஓட்டிய காலம் அது. மதுரை டி. வி. சுந்தரமய்யங்கார் கம்பெனியார் அந்த வாயு யந்திரத்தை இங்கேயே செய்து விற்றார்கள். யுத்தம் முடிந்ததும், ராணுவம் விட்டுப்போன அமெரிக்க லாரிகள் ஏலத்தில் வந்தன. அவற்றை வாங்கியவர்கள் இரண்டு வாங்கி ஒன்றை ஓட்டினார்கள். மற்றொன்றை உறுப்பு உறுப்பாகக் கழற்றி முதல் லாரிக்கு ஊட்டினார்கள். கழற்றிய உறுப்பைக் கடையில் வைத்து விற்கும் தொழிலுக்கு இது நல்ல உரமாயிற்று.

சுதந்திரம் வந்த பின்பு காட்சி மாறியது. வால்சந்த் ஹீராசந்த் 1944-ல் தொடங்கிய பிரிமியர் கம்பெனி குர்லாவிலும், பிர்லா குடும்பத்தாரின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வங்காளத்தில் உத்தரபாராவிலும் வேலை செய்துகொண்டிருந்தன. நம் சென்னைக்கு வடக்கே எண்ணூரில் ரகுநந்தன் சரண் 1948-ல் அசோக் மோட்டார்ஸைத் தொடங்கினார். அதுதான் 1955-ல் அசோக் லேலண்ட் ஆயிற்று. ஜாம்ஷெட்பூரில் ரயில் எஞ்சின் செய்துவந்த டாட்டா கம்பெனியார் 1954-ல் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸ் கம்பெனியோடு பதினைந்து வருஷ ஒப்பந்தம் செய்துகொண்டு லாரி செய்யப் புகுந்தார்கள். இதற்கு ஒரு வருஷம் முன்னால், 1953-ல், இந்திய சர்க்கார் முக்கியமான முடிவு ஒன்றைச் செய்திருந்தார்கள்: உறுப்புகளைப் படிப்படியாக இங்கேயே செய்வதற்குத் திட்டம் வைத்திருக்கிறவர்களுக்குத்தான் இங்கே இடம், வெறுமே பூட்டி விற்பவர்களுக்கு இல்லை. ஜெனரல் மோட்டார்ஸும் போர்டும் மூட்டை கட்டிக்கொண்டு போயின. அன்று பலர் இதைப் பிடிவாதம் என்றார்கள். சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் இன்று உள்ள எந்த லாரிக்காரரையும் கேளுங்கள். இருபத்தைந்து வருஷத்து லேலண்டுக்கும் டாட்டாவுக்கும் பேரிங்கும் பல் சக்கரமும் பக்கத்து ஊரிலேயே கிடைக்கின்றன என்றால் அந்தப் பிடிவாதந்தான் காரணம்.

ஆனால் எல்லா லாரிக்கும் அந்தப் பாக்கியம் இல்லை. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் பெட்போர்டு லாரியும், பிரிமியரின் டாட்ஜ், பார்கோ லாரிகளும் செய்வது நின்று வெகு காலம் ஆகிறது. ஜபல்பூரில் ராணுவத்துக்காகச் செய்த சக்திமான் லாரி, படையை விட்டு ஏலத்தில் வெளியே வந்து காட்டு வழிகளில் மரம் இழுத்தது. அதுவும் இப்போது தாய் தந்தையற்ற பிள்ளைதான். ஓடிக்கொண்டிருக்கும் கம்பெனியின் வண்டியாகவே இருந்தாலும், மாதிரிகள் மாறி மாறிப் பெட்டிகளும் மாறிவிட்டன. பழைய பெட்டியில் கியர் மாற்றக் கிளட்சை இரண்டு தரம் மிதித்து, எஞ்சினின் வேகத்தைக் காதாலேயே அளந்து பல்லோடு பல் சேர்க்கவேண்டும். பல் சக்கரங்களின் வேகத்தைத் தானாகச் சமப்படுத்தும் ஏற்பாட்டை அமெரிக்கக் காடிலாக் கார் 1928-லேயே கொண்டுவந்துவிட்டது. நம் லாரிகளுக்கு அது வந்துசேரப் பல பத்து வருஷங்கள் பிடித்தன. வந்த பிறகு பழைய பெட்டியைக் கம்பெனிக் கடையில் கேட்டால், தாத்தாவின் தலைப்பாகையை ஜவுளிக் கடையில் கேட்டது போல் பார்க்கிறார்கள்.

*

அப்படிக் கேட்டுவிட்டுக் கை விரிக்கப்பட்டவர்கள் கடைசியில் வந்து சேருமிடங்களில் ஒன்று சென்னைப் புதுப்பேட்டை. எழும்பூருக்கு அருகே, கூவத்தின் கரையை ஒட்டிய சில தெருக்கள். வாசலில் கதவுகள் அடுக்கியிருக்கும். ஆனால் வீட்டுக் கதவுகள் அல்ல, கார்க் கதவுகள். திண்ணையில் விளக்குக் கண்கள் வரிசையாக விழித்துக்கொண்டிருக்கும். உள்ளே இருட்டில், மண்ணெண்ணெயும் கிரீஸும் கலந்த வாசனைக்கு நடுவில், பெட்டிகள். அங்கே நாம் போயிருந்த அன்று சங்ககிரிப் பக்கத்து ஒற்றை லாரிக்காரர் ஒருவரும் வந்திருந்தார். ஜல்லி ஏற்றும் டிப்பர் லாரி. லே ஷாப்ட் முறிந்து, உள்ளே எல்லாம் மாவாகிவிட்டதாம். வண்டி நின்று பதினோரு நாள் ஆயிற்று என்றார். கடைக்காரர் முதியவர், எல்லாரும் அவரைப் பாய் என்றே அழைத்தார்கள்.

"பாய், நம்ம வண்டிக்கு கியர் பாக்ஸ் ஒண்ணு வேணுமுங்க," என்று ஆரம்பித்து லாரிக்காரர் வண்டியின் பெயர், மாதிரி, வருஷம் எல்லாவற்றையும் ஒப்பித்தார்.

பாய் கையமர்த்தினார். "பேரெல்லாம் அப்புறம் பார்க்கலாம் தம்பி. ஒரே பேரு வண்டியிலே நாலு விதமான பாக்ஸ் வந்திருக்கு. நடுவிலே யாராவது மாத்தியும் இருப்பாங்க. அளவு எடுத்துக்கிட்டு வந்தீங்களா?"

"வந்திருக்கேனுங்க," என்று சொல்லி லாரிக்காரர் மடியிலிருந்து ஒரு மடித்த காகிதத்தை எடுத்தார். நாலு மடிப்பைப் பிரித்ததும் அது பெரிய காலண்டர்த் தாளின் பின்பக்கம் என்று தெரிந்தது. அதில் கரிய எண்ணெய்க் கறையில் ஒரு பெரிய வளையம், அதைச் சுற்றிலும் சிறு வட்டங்கள். எஞ்சினோடு பெட்டி சேரும் வாயில் பழைய எண்ணெயைப் பூசித் தாளை வைத்து அழுத்தி, ஊர் மேஸ்திரி எடுத்த அச்சு அது. துளைகள் எத்தனை, எது எங்கே, நடுவளையம் எவ்வளவு என்று எல்லாம் அதில் பதிந்திருந்தது. ஓரத்தில் பென்சிலால் கிளட்ச் ஷாப்டின் நீளம், அதன் நுனியில் நீளவாட்டில் வெட்டிய வரிகளின் எண்ணிக்கை, பின்புறத்துத் தட்டின் குறுக்களவு. பாய் அந்தத் தாளைப் பார்த்த பார்வையில் மரியாதை தெரிந்தது. "உங்க மேஸ்திரி வேலைக்காரர் தம்பி," என்றார்.

பெயரால் தேடுகிறவர் ஒரு பெட்டியைத் தேடுகிறார். அளவால் தேடுகிறவருக்கோ கடையிலுள்ள பத்துப் பெட்டியும் பேசத் தொடங்கிவிடுகின்றன. பாயின் பையன் இரண்டு பெட்டிகளை வெளியே இழுத்துப் போட்டான். இரண்டின் வாயும் காலண்டர்த் தாளோடு ஒத்துப்போயின. முதற் பெட்டி பளபளவென்றிருந்தது, விலையும் குறைவு. வரிகளின் எண்ணிக்கையும் சரியாயிருந்தது. லாரிக்காரரின் முகம் மலர்ந்தது. பாய் பெட்டியைப் புரட்டிப் பக்கவாட்டைக் காட்டினார். "டிப்பர் வண்டின்னீங்களே, பம்பை எங்கே மாட்டுவீங்க?" டிப்பர் லாரியின் தொட்டியைத் தூக்கும் எண்ணெய்ப் பம்புக்குச் சக்தி கியர் பாக்ஸிலிருந்துதான் போகவேண்டும்; அதற்காகப் பெட்டியின் பக்கத்தில் ஜன்னல் போல ஒரு திறப்பு வேண்டும். முதற் பெட்டிக்கு அந்த ஜன்னல் இல்லை. அதை வாங்கிக்கொண்டு போயிருந்தால் லாரி ஓடியிருக்கும். ஜல்லியைத்தான் கூடையில் அள்ளி இறக்கியிருக்கவேண்டும்.

இரண்டாவது பெட்டிக்கு ஜன்னல் உண்டு. ஆனால் கிளட்ச் ஷாப்டின் வரிகள் வேறு எண்ணிக்கை. இது பெரிய தடையல்ல. அந்த வரிகளோடு பொருந்துகிற நடுப்பாகமுள்ள கிளட்ச் பிளேட்டை, பழைய குறுக்களவிலேயே தேடி வாங்கிவிட்டால் போதும். அடுத்தது விகிதம். அதைக் கண்டுபிடிக்கப் புத்தகம் வேண்டியிருக்கவில்லை. பையன் முன் தண்டிலும் பின் தட்டிலும் சாக்குக் கட்டியால் ஒவ்வொரு கோடு போட்டான். முதல் கியரில் தள்ளிவிட்டு முன் தண்டைக் கையால் சுற்றிக்கொண்டே எண்ணினான். பின் தட்டின் கோடு ஒரு முழு வட்டம் வந்ததும் நிறுத்தினான். ஏறக்குறைய ஆறரை. "நம்முதும் அதேதானுங்க," என்று லாரிக்காரர் பெருமூச்சு விட்டார். விகிதம் மாறியிருந்தால் ஏற்றத்தில் லாரி திணறியிருக்கும், அல்லது சமதரையில் எஞ்சின் வீணாகக் கத்தியிருக்கும். பின் தட்டு மட்டும் அரை அங்குலம் பின்னால் தள்ளியிருந்தது. அதற்குப் பின் அச்சுக்குப் போகும் நீண்ட தண்டைக் கடைசல் பட்டறையில் அவ்வளவு குறைத்து, மறுபடி எடை சமன் பார்த்துப் பூட்டவேண்டும்.

மேல் மூடியைத் திறந்து பார்க்கச் சொன்னதும் லாரிக்காரர்தான். பாய் முகம் சுளிக்கவில்லை, திறந்து காட்டினார். மூன்றாவது கியரின் பற்களில் அம்மைத் தழும்பு போலச் சிறு குழிகள். இதற்காகப் பெட்டியை வேண்டாமென்று சொல்லவேண்டியதில்லை. லாரிக்காரருடைய உடைந்த பெட்டியில் மூன்றாவது கியர் ஜோடி நன்றாயிருந்தால் அதைக் கழற்றி இதில் போடலாம். ஆனால் ஜோடியாகத்தான் மாற்றவேண்டும். ஒன்றோடொன்று தேய்ந்து பழகிய பற்களைப் பிரித்துப் புதிதாக வேறொன்றோடு சேர்த்தால் இரண்டும் கெடும். கிழவர் இருவரைச் சேர்த்து ஒரு வாலிபனை உண்டாக்கும் இந்த வித்தை நம் பட்டறைகளில் நித்தியம் நடக்கிறது.

இரு பெட்டிகளும் கைவிட்டால் இன்னொரு வழி, புதிதாகப் பல் சக்கரம் வெட்டிக்கொள்வது. பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் 1920-ல் தாமே பஸ் ஓட்டத் தொடங்கிய ஜி. டி. நாயுடு அவர்களின் ஊரான கோயம்புத்தூரில் மாதிரி உறுப்பைக் கொடுத்தால் அதைப் போலவே வெட்டி, சூளையிலிட்டுப் பல்லின் மேற்புறத்தைக் கடினமாக்கித் தரும் பட்டறைகள் இருக்கின்றன. செலவு அதிகம், ஆனால் செய்ய முடியாத காரியமல்ல. செய்யவே கூடாத காரியம் ஒன்று உண்டு: உடைந்த பல்லின் இடத்தில் வெல்டிங் வைத்து, அரத்தால் ராவிப் பல் போலச் செய்துவிடுவது. அந்தச் சூட்டில் பக்கத்துப் பற்களின் உறுதியும் போய்விடுகிறது. அப்படிப்பட்ட பெட்டியோடு மலை இறங்குவதைவிட மாட்டு வண்டி ஓட்டலாம்.

பேரம் நடந்தது. பாய் கேட்டதும் லாரிக்காரர் கொடுத்ததும் அவர்களுக்குள் இருக்கட்டும். லாரிக்காரர் ரசீது கேட்டார் என்பதை மட்டும் சொல்லவேண்டும். வண்டியின் பதிவுப் புத்தகத்தில் சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் உண்டு. கியர் பாக்ஸுக்கு அங்கே எண் இல்லை. அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்குக் கடைக்காரர் கொடுக்கும் ரசீதைத் தவிர வேறு சாட்சி கிடையாது. நேர்மையான கடைக்காரர் ரசீது கொடுக்கத் தயங்குவதில்லை. தயங்குகிறவரிடம் பெட்டி எவ்வளவு மலிவாயிருந்தாலும் வாங்கக்கூடாது.

"இன்னும் கொஞ்ச வருஷத்திலே இதெல்லாம் கிடைக்காது தம்பி," என்று சொல்லிக்கொண்டே பாய் பணத்தை எண்ணினார்.

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. 2021-ம் வருஷத்தில் மத்திய சர்க்கார் பழைய வண்டிகளைக் கழித்துக்கட்டும் திட்டத்தை அறிவித்தார்கள். 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, பதினைந்து வயது கடந்த சர்க்கார் வண்டிகளுக்குப் பதிவு புதுப்பிப்பதும் நின்றுவிட்டது. புகை கக்கிக்கொண்டு, பிரேக்கும் சரியில்லாமல் ஓடும் கிழட்டு வண்டிகள் தெருவை விட்டுப் போவதில் நமக்கு வருத்தம் கிடையாது. அந்தப் புகையைச் சுவாசிப்பதும் நம் குழந்தைகள்தானே? ஆனால் வண்டியைக் கழிப்பதும் அதன் உறுப்புகளைக் கண்ணை மூடிக்கொண்டு உருக்குவதும் ஒன்றாகிவிடக்கூடாது. நல்ல பெட்டி ஒன்று உலைக்குள் போனால் அதன் இரும்புக்குக் கிடைப்பது எடைக்கு எடை விலை. அதே பெட்டி சங்ககிரிக்குப் போனால் ஒரு குடும்பத்துக்கு நாலு வருஷச் சாப்பாடு.

நமக்கு இன்னொரு கவலையும் உண்டு. எந்தப் பெட்டி எந்த வண்டிக்குப் பொருந்தும், எந்த ஷாப்டைக் கடைந்தால் எதில் போகும் என்ற ஞானமெல்லாம் பாயைப் போன்றவர்களின் தலையிலும், காலண்டர்த் தாளில் அச்செடுத்த அந்த ஊர் மேஸ்திரியின் கையிலும் இருக்கிறது. எழுதி வைத்தவர் இல்லை. நம் ஊர்த் தொழிற்பயிற்சி நிலையங்களில் படிக்கும் பிள்ளைகளை ஒரு வருஷம் புதுப்பேட்டைக்கும் நாமக்கல்லுக்கும் அனுப்பி, பெட்டி பெட்டியாக அளவெடுத்துத் தமிழில் ஒரு புத்தகம் போடச் சொன்னால் என்ன? ஓலைச்சுவடிகளைத் தேடிப் பதிப்பித்த தேசத்துக்கு இது பெரிய காரியமா? பாயின் பையனிடம் இதைச் சொன்னபோது அவன் சிரித்தான். ஆனால் அச்செடுத்த அந்தத் தாளைத் தன் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டான்.

பெட்டி லாரி ஷெட்டுக்குப் போய் அன்றிரவே மேற்கே புறப்பட்டது. இனி ஊர் மேஸ்திரியின் வேலை. எஞ்சினும் பெட்டியும் சேரும் இடத்தில் நடுப்புள்ளி ஒரு மயிரளவு விலகினாலும் முன் பேரிங் ஆறு மாதம் தாங்காது. அதை அளக்கும் முள் வைத்த கருவி அவரிடம் இல்லாவிட்டால் இரவல் வாங்கியாவது அளந்து பார்க்கவேண்டும். பேரிங்குகளும் எண்ணெய் சீல்களும் புதிதாகவே போடவேண்டும். பெட்டி திறந்திருக்கும்போது போட்டால் கூலி ஒன்று, பிறகு போட்டால் இரண்டு. எண்ணெய் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். விலை உயர்ந்தது என்பதற்காகப் பின் அச்சுக்கு ஊற்றும் காரமான எண்ணெயைப் பழைய பெட்டியில் ஊற்றினால், அதிலுள்ள கந்தகச் சேர்க்கை உள்ளேயிருக்கும் பித்தளை, வெண்கல உறுப்புகளை மெல்ல மெல்லத் தின்றுவிடக்கூடும். அந்தப் பெட்டிக்குச் சொன்ன தரம் எதுவோ அதையே ஊற்றவேண்டும்.

முதல் நடைக்குப் பாதிப் பாரம். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் சூடாயிருக்கும்போதே எண்ணெயை வடித்து, அடித் திருகின் காந்த முனையைத் துடைத்துப் பார்க்கவேண்டும். அதில் சாம்பல் நிறத்தில் மாவு போல ஒட்டியிருந்தால் கவலையில்லை. பற்கள் ஒன்றோடொன்று பழகிக்கொண்டிருக்கின்றன. விரலில் குத்துகிற மாதிரி துண்டு ஏதாவது இருந்தால் அன்றே வண்டியை நிறுத்தி மூடியைத் திறக்கவேண்டியதுதான். லாரிக்காரருக்கு ஒரு மாதம் கழித்துக் கடிதம் எழுதிக் கேட்டிருந்தோம். மாவுதான் இருந்தது என்று பதில் வந்தது. மூன்றாவது கியர் மட்டும் கொஞ்சம் பாடுகிறதாம்.